வயதுக்கொரு வசை

ஐந்து வயதில் "வாலு". பத்து வயதில் "அடங்காப்பிடாரி". பதினைந்தில் "ரவுடிப் பய". முப்பதில் "பொறுப்பத்தவன்". ஐம்பதில் "அந்தாளு அப்படித்தான், ஒரு வேலையில நிலையா நிக்க மாட்டான்". நம் சேரிகளில் ஒரே மனிதர் தன் வாழ்நாள் முழுக்க வாங்கும் பெயர்கள் இவை. இப்படிப் பெயர் வாங்கியவர்களில் சிலருக்கு மருத்துவத்தில் வேறு ஒரு பெயர் இருக்கிறது. கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு. ஆங்கிலச் சுருக்கத்தில் ஏடிஎச்டி. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பெயர் ஏழெட்டு வயதில் கிடைக்க வழி இருக்கிறது. கிடைத்ததும் பயிற்சி, மருந்து, தேர்வில் கூடுதல் நேரம் என்று அடுத்தடுத்த கதவுகளைத் தட்டலாம். நம் பிள்ளைக்குக் கிடைப்பது வசை. வயது ஏற ஏற வசை மட்டும் மாறிக்கொண்டிருக்கும்.

தோழர்களில் சிலருக்கு இந்தத் தலைப்பே எரிச்சலூட்டும் என்று தெரியும். வன்கொடுமை, நிலம், இடஒதுக்கீடு என்று பேச ஆயிரம் இருக்க, பணக்கார வீட்டு நோயைப் பற்றி எதற்கு என்று கேட்பார்கள். அது பணக்கார வீட்டு நோய் என்று நமக்குத் தோன்றுவதே, அங்கே மட்டும் அது கண்டறியப்படுவதால்தான். இரட்டையரை வைத்து நடந்த ஆய்வுகள், இதில் ஏறத்தாழ முக்கால் பங்கு மரபுவழியாக வருவதாகச் சொல்கின்றன. மரபணு ஊர் எது, சேரி எது என்று பார்த்து இறங்குவதில்லை. குறைமாதப் பிறப்பு, எடை குறைந்த பிறப்பு, ஈய நச்சு ஆகியவையும் ஏடிஎச்டி வருவதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. இவை எல்லாம் யார் வீட்டு வாசலில் அதிகம் நிற்கின்றன என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நாம் இங்கே சொல்ல வருவது ஒன்றுதான். ஏடிஎச்டி வயதுக்கு வயது வேறு முகம் காட்டும். அதைக் கண்டறியும் அளவுகோலும் வயதுக்கு வயது மாறும். ஆனால் ஒருவருக்கு எந்த வயதில் அது கண்டறியப்படுகிறது என்பதை உடல் மட்டும் முடிவு செய்வதில்லை. பள்ளியும் பணமும் சாதியும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

வயதோடு மாறும் முகம்

முதலில் அடிப்படையைத் தெரிந்துகொள்வோம். ஏடிஎச்டி என்பது அறிவுக் குறைவு அல்ல. கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்துவது, உந்துதலை அடக்குவது, உடலை அமைதியாக வைத்திருப்பது, வேலையைத் திட்டமிட்டு முடிப்பது ஆகியவற்றில் மூளையின் வளர்ச்சி வேறு விதமாக அமைவது. உலக அளவில் குழந்தைகளில் ஏறக்குறைய 5 விழுக்காட்டினருக்கும், பெரியவர்களில் ஏறக்குறைய 2.5 விழுக்காட்டினருக்கும் இது இருப்பதாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம் கையேடு தன் 2013 பதிப்பில் சொன்னது.

மூன்று வயதுக் குழந்தை ஓடும், ஏறும், குதிக்கும், சொன்னதைக் கேட்காது. அது குழந்தையின் இயல்பு. நான்கு வயதுக்கு முன் ஏடிஎச்டியை இந்த இயல்பிலிருந்து பிரித்தறிவது கடினம் என்று அந்தக் கையேடே ஒத்துக்கொள்கிறது. பள்ளிக்கூடம் போனபிறகுதான் வேறுபாடு துலங்கும். நாற்பது நிமிடம் உட்கார வேண்டும், பலகையில் இருப்பதைப் பார்த்து எழுத வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், தன் முறை வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. இத்தனை கட்டளைகளும் ஒரே நாளில் தலையில் இறங்கும்போது, சில பிள்ளைகளால் முடியாமல் போகிறது. கணக்குப் பாதியில் நிற்கும். பென்சில் தினமும் தொலையும். கேள்வி முடியும் முன் பதில் வரும்.

பதின்ம வயதில் ஓட்டமும் குதியும் குறைந்துவிடும். பெற்றோர் "இப்ப அடங்கிட்டான்" என்பார்கள். பரபரப்பு வெளியே போகவில்லை, உள்ளே போயிருக்கிறது. கால் ஆடிக்கொண்டே இருக்கும், மனம் ஒரு இடத்தில் நிற்காது, பொறுமை சட்டென்று அறுந்துபோகும். இந்த வயதில் பாடம் கூடுகிறது, கண்காணிப்பு குறைகிறது. ஆறாம் வகுப்புவரை எப்படியோ ஒப்பேற்றிய பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் தடுமாறுவது இதனால்தான்.

பெரியவர்களிடம் இது இன்னும் வேறு மாதிரி இருக்கும். நேரத்துக்குப் போக முடியாது. ஆர்வத்தோடு தொடங்கிய வேலை பாதியில் கிடக்கும். பணம் கையில் தங்காது. மின்கட்டணம் கட்ட மறக்கும், பணம் இருந்தும். அடிக்கடி வேலை மாறும். பேசுகிறவரை முடிக்கவிடாமல் குறுக்கே பேசி உறவுகள் கசக்கும். முதுமையில் இதே மறதியும் சிதறலும் "வயசாகிப்போச்சு" என்ற ஒற்றைச் சொல்லில் புதைந்துபோகும்.

பெண்களின் கதை தனி. குழந்தைப் பருவத்தில் கண்டறியப்படுவோரில் ஆண்கள் பெண்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. பெரியவர்களிடம் இந்த இடைவெளி குறைகிறது. காரணம் எளிது. ஓடுகிற பையனைப் பள்ளி உடனே பார்க்கிறது, அவன் தொந்தரவு. சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பெண்ணால் யாருக்கும் தொந்தரவு இல்லை. "மந்தமான பிள்ளை" என்று ஒரு சொல்லோடு அவள் கணக்கு முடிந்துவிடும். நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் அந்தச் சொல்லோடு, "படிப்பு ஏறல, கட்டிக் குடுத்துடலாம்" என்ற முடிவும் சேர்ந்து வரும்.

அளவுகோல் யாரைப் பார்த்து எழுதப்பட்டது?

1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் சில பிள்ளைகளைப் பற்றி உரையாற்றினார். அறிவில் குறையில்லை, ஆனால் அடக்கமில்லை, ஒன்றில் நிலைப்பதில்லை. அவர் அதற்கு வைத்த விளக்கம், ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறைபாடு. மருத்துவம் இந்தப் பிள்ளைகளை ஏறிட்டுப் பார்த்த தொடக்கக் காலத்திலேயே, அவர்களுடைய ஒழுக்கத்தைத்தான் சந்தேகித்தது என்பதை நாம் நினைவில் வைக்கவேண்டும்.

1968இல் வந்த டிஎஸ்எம் இரண்டாம் பதிப்பு, இதைக் குழந்தைப் பருவத்தின் மிகையியக்க எதிர்வினை என்று குறித்தது. வளரிளம் பருவத்தில் தானாகக் குறைந்துவிடும் என்றும் சொன்னது. 1980இல்தான் கவனக்குறைவு என்ற சொல் தலைப்புக்கு வந்தது. 1987இல் இன்றைய பெயர் வந்தது. 1994 பதிப்பில், பாதிப்பை உண்டாக்கிய சில அறிகுறிகளாவது 7 வயதுக்கு முன் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்த வரம்பை 12 வயதுக்குத் தளர்த்தியது. குழந்தைகளுக்குக் கவனக்குறைவு, மிகையியக்கம் என்ற இரு பட்டியல்களில் ஏதாவது ஒன்றில் 6 அறிகுறிகள் வேண்டும்; 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 5 போதும் என்று மாற்றியது. அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி, வேலையிடம் போன்றவற்றில் இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும் என்பவை மாறவில்லை.

பெரியவர்களுக்கு ஒரு அறிகுறியைக் குறைத்தது சலுகை அல்ல. வயது ஏறும்போது இந்தக் கோளாறு பழைய அடையாளங்களைக் காட்டாது என்பதை அறிவியல் தாமதமாக ஒத்துக்கொண்டது. அறிகுறிப் பட்டியல் முதலில் எழுதப்பட்டது பள்ளிப் பையன்களைப் பார்த்து. நாற்காலியை விட்டு எழுகிறானா, மரத்தில் ஏறுகிறானா என்று கேட்டவர்கள், முப்பது வயதுப் பெண்ணிடம் என்ன கேட்பது என்று பிறகுதான் யோசித்தார்கள். கேள்விக்குள் இல்லாதவர் பதிலுக்குள்ளும் வரமாட்டார்.

சமூகவியல் படித்த நமக்கு இதில் வியப்பில்லை. எந்த அளவுகோலும் யாரையோ மனதில் வைத்துத்தான் செதுக்கப்படுகிறது. அதனால் அளவுகோலையே தூக்கி எறிய வேண்டும் என்பதில்லை. அது யாரை அளக்க மறந்தது என்று கேட்க வேண்டும்.

பார்க்கிற கண்ணைப் பொறுத்து

ஏடிஎச்டிக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. பெற்றோர் சொல்வது, ஆசிரியர் சொல்வது, மருத்துவர் நேரில் காண்பது ஆகியவற்றைக் கொண்டுதான் முடிவு செய்கிறார்கள். அதனால் பார்க்கிறவர் யார், யாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்பது முக்கியமாகிவிடுகிறது.

இதற்கு வயதையே வைத்து ஒரு சான்று உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் டிசம்பர் 31 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பில் சேர்வார்கள். அதனால் டிசம்பரில் பிறந்த குழந்தை, அதே வகுப்பில் இருக்கும் சனவரிக் குழந்தையைவிட ஏறக்குறைய ஒரு வயது சிறியது. அங்கே லட்சக்கணக்கான பிள்ளைகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வில், டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு ஏடிஎச்டி என்று முடிவு செய்யப்படும் வாய்ப்பு சனவரியில் பிறந்தவர்களைவிட 30 விழுக்காடு கூடுதல் என்று தெரிந்தது. பெண்பிள்ளைகளில் 70 விழுக்காடு கூடுதல். வயதில் சிறியது என்பதால் வந்த சிறுபிள்ளைத்தனம் நோயாகப் பதிவாகியிருக்கிறது. வயதை மறந்துவிட்டு அறிகுறியை மட்டும் எண்ணினால் இதுதான் நடக்கும்.

இன்னொரு சான்று அமெரிக்காவிலிருந்து. மழலையர் பள்ளியிலிருந்து எட்டாம் வகுப்புவரை பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2013இல் வெளியானது. நடத்தை, படிப்பு, குடும்ப வருமானம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், கறுப்பினக் குழந்தைகளுக்கு ஏடிஎச்டி கண்டறியப்படும் வாய்ப்பு வெள்ளைக் குழந்தைகளைவிட 69 விழுக்காடு குறைவாக இருந்தது. அப்படியானால் கறுப்பினப் பிள்ளைகளை யாரும் கவனிக்கவில்லையா? நன்றாகவே கவனித்தார்கள், வேறு விதமாக. 2011–12 கல்வியாண்டின் அமெரிக்க அரசுப் புள்ளிவிவரப்படி, மழலையர் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகள் 18 விழுக்காடு. ஒன்றுக்கு மேற்பட்ட முறை பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்ட மழலைகளிலோ அவர்கள் 48 விழுக்காடு. நான்கு வயதுக் குழந்தையை இடைநீக்கம் செய்கிறார்கள்! 2016இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மழலையர் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு காணொளியைக் காட்டி, இதில் சேட்டை வரப்போகிறது, கவனியுங்கள் என்றார்கள். சேட்டை எதுவும் அந்தக் காணொளியில் இல்லை. ஆசிரியர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். அது கறுப்பினப் பையன் மீதே அதிகம் நின்றது.

ஒரே துறுதுறுப்பு. வெள்ளைப் பையனிடம் இருந்தால் மருத்துவரிடம் அனுப்புகிறார்கள்; கறுப்புப் பையனிடம் இருந்தால் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இதைப் படிக்கும்போது நம் ஊர் வகுப்பறை நினைவுக்கு வராதவர் யார்?

நம் பிள்ளைகளிடம் வரும்போது

இங்கே திட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆர்.பி.எஸ்.கே. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒன்றிய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம் 2013இல் தொடங்கியது. பிறப்பு முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கானது. அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களை ஆண்டுக்கு ஒரு முறையும் மருத்துவக் குழு பார்க்க வேண்டும். அவர்கள் தேடவேண்டிய பட்டியலில் ஏடிஎச்டியும் உண்டு.

பட்டியலில் இருப்பது வேறு, பிள்ளையின் கையில் வந்து சேர்வது வேறு. குழு வரும் நாளில் நூறு பேரைப் பார்க்க வேண்டும். எடை, உயரம், கண், பல் பார்ப்பதற்குள் மணி அடித்துவிடும். ஏடிஎச்டியை அப்படி ஐந்து நிமிடத்தில் பார்க்க முடியாது. வகுப்பாசிரியர் சொல்ல வேண்டும்: "இந்தப் பிள்ளைக்குப் புத்தி இருக்கு, ஆனா உட்கார முடியல, ஒரு தடவை பாருங்க." அந்த ஒரு வாக்கியம் யாருக்காகச் சொல்லப்படுகிறது என்பதில்தான் சாதி இருக்கிறது. ஆசிரியரின் மனதில் "இதுங்க அப்படித்தான்" என்ற முன்முடிவு இருந்தால் அந்த வாக்கியம் வாயிலிருந்து வராது. "அப்படித்தான்" என்று ஆகிவிட்ட பிறகு பரிசோதிக்க என்ன இருக்கிறது?

அதற்குப் பதிலாக அடி விழும். கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆனாலும் வகுப்புக்கு வெளியே முட்டிபோடும் பிள்ளை யாரென்று கவனித்துப் பாருங்கள். நாங்கள் வேலை செய்யும் குடியிருப்புகளில் படிப்பை விட்ட பையன்களிடம் பேசும்போது திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கதை. கடைசி பெஞ்ச், வெளியே நிற்பது, அப்பாவைக் கூட்டி வரச் சொல்வது, அப்பா கூலியை விட்டு வந்து எல்லார் முன்னாலும் மகனை அடிப்பது, கடைசியில் டிசி. அந்த மாற்றுச் சான்றிதழில் மாணவரின் நடத்தை என்று ஒரு கட்டம் இருக்கிறது. பிள்ளைக்கு என்ன பிரச்சினை என்று ஒரு நாளும் விசாரிக்காத பள்ளி, அவனுடைய நடத்தையைப் பற்றி மட்டும் தீர்ப்பு எழுதிக் கையெழுத்து போடுகிறது.

பள்ளியை விட்டதும் அவன் பரிசோதனைத் திட்டத்தின் கணக்கிலிருந்தும் நழுவிவிடுகிறான். பதினான்கு வயதில் மெக்கானிக் பட்டறைக்குப் போனவனைத் தேடி எந்த மருத்துவ வண்டியும் வருவதில்லை. அடுத்து அவனைக் கவனிக்கப்போகும் அரசு நிறுவனம் பெரும்பாலும் காவல்நிலையம். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான கணக்கின்படி, சிறையில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஏடிஎச்டி இருக்கிறது. இதை வைத்து ஏடிஎச்டி உள்ளவர்கள் குற்றவாளிகள் என்று யாராவது சொன்னால் அது அயோக்கியத்தனம். ஏடிஎச்டி உள்ள பெரும்பாலோர் எந்தக் குற்றமும் செய்வதில்லை. உதவியே கிடைக்காமல் போனவர்கள் கடைசியில் எங்கே வந்து சேர்கிறார்கள் என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது. இந்தியச் சிறைகளில் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகமாக யார் அடைபட்டிருக்கிறார்கள் என்பதை ஆண்டுதோறும் வரும் சிறைப் புள்ளிவிவரம் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் படியுங்கள்.

எல்லாத் துறுதுறுப்பும் ஏடிஎச்டி அல்ல

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. "சேரிப் பிள்ளைகளுக்கு மூளையில் கோளாறு" என்று யாராவது கிளம்பினால் அதையும் நாம் எதிர்த்து நிற்க வேண்டும். நம்மைக் குறையுள்ளவர்கள் என்று அறிவியலின் பெயரால் சொல்லத் துடிப்பவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை.

காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளைக்குக் கவனம் நிற்காது. ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் தூக்கம் கெட்ட பிள்ளைக்குக் கவனம் நிற்காது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவு கவனத்தையும் பாதிக்கும். சளி பிடித்துக் காதில் சீழ் வைத்த பிள்ளைக்குச் சொன்னது கேட்காது. "சொன்ன பேச்சு கேக்கறதில்ல" என்று அடி வாங்கும். கண்ணாடி தேவைப்படும் பிள்ளைக்குப் பலகை தெரியாது. வீட்டில் தினமும் சண்டையைப் பார்க்கும் பிள்ளையின் மனம் எப்போதும் உஷாராக இருக்கும்; வெளியிலிருந்து பார்த்தால் அது மிகையியக்கம் போலவே தெரியும். சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வகுப்பறையில், கழிவறையைக் கழுவச் சொல்லும் பள்ளியில், பிள்ளையின் கவனம் பாடத்தில் இல்லாமல் வாசலில் இருப்பதில் என்ன அதிசயம்? அங்கே மருந்து தேவைப்படுவது பள்ளிக்கு.

அதனால் கண்டறிதலில் வரிசை முக்கியம். முதலில் காது, கண், ரத்தம், தூக்கம், சாப்பாடு, வீட்டுச் சூழல், வகுப்பறையில் நடத்தப்படும் விதம். அதன்பிறகு, எந்த வயதிலிருந்து இது இருக்கிறது, எத்தனை இடங்களில் தெரிகிறது என்ற கேள்வி. நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளை எட்டாம் வகுப்பில் திடீரென்று மாறினால், அது ஏடிஎச்டியாக இருக்கும் வாய்ப்பைவிட அந்தப் பிள்ளைக்கு ஏதோ நேர்ந்திருக்கும் வாய்ப்பே அதிகம். பள்ளியில் மட்டும் ஒடுங்கி, வீட்டிலும் விளையாட்டிலும் தெளிவாக இருக்கும் பிள்ளையின் பிரச்சினை பள்ளியில்தான் இருக்கிறது. வயதும் இடமும் அளவுகோலில் இருப்பதற்கு இதுதான் பொருள். அவற்றைச் சரியாகக் கேட்டால் அவை நம் பிள்ளைகளைக் காக்கும்.

ஏடிஎச்டிதான் என்று உறுதியானால் சிகிச்சையும் வயதைப் பொறுத்தது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சி. மருந்து அதற்குப் பிறகுதான். பள்ளி வயதில் தேவைப்பட்டால் மருந்தும், வகுப்பறையில் மாற்றங்களும். மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. அது மருத்துவர் சீட்டோடு, கண்காணிப்போடு எடுக்க வேண்டிய கட்டுப்பாட்டு மருந்து. தேர்வுக்கு முந்தைய இரவு விடுதி நண்பனிடம் வாங்கிப் போடும் மாத்திரை அல்ல.

கல்லூரிக்கு வந்த பிறகு

இதைப் படிக்கும் உங்களில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். உங்களுக்காகச் சில வார்த்தைகள்.

பன்னிரண்டாம் வகுப்புவரை யாரோ எழுப்பினார்கள், யாரோ அதட்டினார்கள், மணி அடித்தது, தேர்வு வாராவாரம் வந்தது. கல்லூரியில் அதெல்லாம் போய்விடும். ஆய்வுக் கட்டுரையை மூன்று மாதத்தில் நீங்களே திட்டமிட்டு எழுத வேண்டும். ஏடிஎச்டி உள்ள பலர் முதல்முறையாக உடைவது இந்த இடத்தில்தான். அதுவரை புத்தியாலும் பயத்தாலும் சமாளித்திருப்பார்கள். ஒரு தவறுக்கும் இடமில்லை என்று சொல்லி வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகள் மற்றவர்களைவிட இரு மடங்கு உழைத்து இதை மறைத்திருப்பார்கள். அந்த உழைப்பு ஒரு நாள் தீர்ந்துபோகும்.

அப்போது தாமதமாகத் தரப்படும் ஒவ்வொரு தாளும் இடஒதுக்கீட்டுக்கு எதிரான சாட்சியாக்கப்படும். "கோட்டால வந்தா இப்படித்தான்" என்பார்கள். பொதுப்பிரிவில் வந்தவருக்கு இதே சிக்கல் இருந்தால் "அவருக்கு ஏதோ மன அழுத்தம், விசாரியுங்கள்" என்பார்கள். நாங்கள் அறிந்த ஒரு முதுகலை மாணவி, இரண்டு ஆண்டுகள் தன்னை முட்டாள் என்றே நம்பினார். அவருடைய பேராசிரியர்களுக்கும் அந்த நம்பிக்கையில் சந்தேகம் எழவில்லை. 26 வயதில்தான் அவருக்கு ஏடிஎச்டி என்று தெரிந்தது. "என் தப்பு இல்லன்னு தெரிஞ்சதும் அழுதேன். அப்புறம் கோவம் வந்துச்சு" என்றார். அந்தக் கோபம் நியாயமானது.

பெரியவர்களுக்குக் கண்டறிதலில் ஒரு தனித் தடை இருக்கிறது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று மருத்துவர் கேட்பார். பழைய மதிப்பெண் அட்டை, ஆசிரியர் எழுதிய குறிப்பு, பெற்றோரின் நினைவு என்று ஆதாரம் தேடுவார். நம் வீட்டில் அந்தக் காகிதங்கள் கூரை ஒழுகலில் நனைந்து போயிருக்கும். அம்மா அன்று களையெடுக்கவோ சித்தாள் வேலைக்கோ போயிருப்பார். பிள்ளை வகுப்பில் எப்படி இருந்தது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. நம் மூத்தவர்களில் பலருக்குப் பிறந்த தேதியே பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்டதுதான். வயதை வைத்து நோயைக் கணிக்கும் ஒரு முறை, வயதையே பிறர் எழுதிய மக்களிடம் வந்து காகிதம் கேட்கிறது.

காகிதம் இல்லாவிட்டால் வழியே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். கையேடு கேட்பது அறிகுறிகள் இருந்தன என்பதற்கான சான்று. முத்திரை வைத்த தாளை அல்ல. அண்ணன், அக்கா, அத்தை, கூடப் படித்த நண்பர் சொல்வதும் சான்றுதான். மருத்துவரிடம் போகும்போது அவர்களில் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அம்மாவிடம் "கவனக்குறைவு இருந்ததா" என்று கேட்காதீர்கள். "கடைக்கு அனுப்பினா என்ன வாங்கணும்னு மறந்துட்டு வருவேனா? எத்தனை தடவை செருப்பைத் தொலைச்சேன்?" என்று கேளுங்கள். கதை கதையாகச் சொல்வார்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். அரை நிமிட ரீல்ஸைப் பார்த்துவிட்டு நமக்கும் ஏடிஎச்டி என்று முடிவு செய்வது எளிது. கைப்பேசியால் சிதறும் கவனமும், மன அழுத்தமும், பதற்றமும், தைராய்டு சிக்கலும் இதே போலத் தோன்றலாம். சந்தேகம் வந்தால் அது பரிசோதனைக்குப் போவதற்கான காரணம், முடிவு அல்ல. மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 18ஆவது பிரிவு, அரசு மனநலச் சேவையை எந்தப் பாகுபாடும் இல்லாமல் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. அந்தப் பாகுபாடுகளின் வரிசையில் சாதி என்ற சொல்லும் எழுதப்பட்டிருக்கிறது. அதை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

நாம் கேட்க வேண்டியவை

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதில் இருக்கிறது. அதனால் டிஸ்லெக்சியா சான்று பெற்ற மாணவர் தேர்வில் கூடுதல் நேரம் கேட்க முடிகிறது. ஏடிஎச்டி அந்தப் பட்டியலில் தனிப்பெயராக இல்லை. பணம் உள்ள வீடுகள் தனியார் மதிப்பீடு, நல்ல வழக்கறிஞர், நல்ல பள்ளி என்று சுற்றி வழி கண்டுபிடித்துக்கொள்ளும். பெயர் இல்லாததன் முழுச் சுமையும் நம் மீதுதான் விழுகிறது. அட்டவணையில் அதைச் சேர்க்கக் கோருவது நம் கோரிக்கையாகவும் இருக்க வேண்டும்.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் முழுநேர ஆலோசகர்கள் வேண்டும். அவர்களில் நம் சமூகத்திலிருந்து வந்தவர்கள் இருக்க வேண்டும். ஆசிரியர் பயிற்சியில் ஏடிஎச்டியும் சாதிப் பாகுபாடும் ஒரே பாடத்தில் வர வேண்டும். ஒன்றில்லாமல் மற்றதைக் கற்றவர், நம் பிள்ளையைத் தவறாகவே படிப்பார். 18 வயதோடு பரிசோதனை முடிந்துவிடாமல், படிப்பை விட்ட இளைஞர்களையும் கல்லூரி விடுதி மாணவர்களையும் அது எட்ட வேண்டும்.

நம் அமைப்புகளுக்குள்ளும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. கூட்டத்துக்குத் தினமும் தாமதமாக வரும் தோழரை, துண்டறிக்கையைப் பாதியில் விட்டுவிட்டுப் புதுத் திட்டத்தோடு வரும் தோழரைப் "பொறுப்பில்லை" என்று நாமும் ஓரங்கட்டுகிறோம். அவருக்கு இரண்டு நாள் முன்பே ஒரு அழைப்பு, வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கொடுப்பது, கூடவே ஒருவரை இணைப்பது என்று செய்து பாருங்கள். நெருக்கடியான இரவில், நூறு வேலை ஒன்றாகக் குவியும்போது முதலில் எழுந்து ஓடுகிறவர் பெரும்பாலும் அவராகவே இருப்பார்.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் தெருவில் இந்தக் கல்வியாண்டில் டிசி வாங்கிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும், டிசி கொடுக்கும் முன் மாவட்ட மையத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்பினீர்களா என்று தலைமையாசிரியரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். ஆர்.பி.எஸ்.கே. குழு அந்தப் பள்ளிக்கு எந்தத் தேதியில் வந்தது, எத்தனை பிள்ளைகளை மேல்பரிசோதனைக்கு அனுப்பியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம். பதில் வந்தாலும், வராவிட்டாலும், அதை வைத்துக்கொண்டு அடுத்த கிராமசபையில் பேசலாம். நம் பிள்ளைகளின் நடத்தையை இத்தனை காலம் அவர்கள் எழுதினார்கள். அவர்களின் நடத்தையையும் ஒருமுறை நாம் எழுதிப் பார்ப்போம்.